தேரைக் குளிப்பாட்ட நாள் பார்ப்பது

நம் ஊரில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் பாரிஸிலோ லியோனிலோ இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது மொன்ரியால். அதை ஒட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவால் என்று ஓர் ஊர். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் வீடு வாங்கியிருக்கிறார்கள். பேரனுக்காக நானும் என் மனைவியும் இதுவரை 4 குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறோம். "வெயில் காலத்தில் போகக்கூடாதா?" என்று புதுச்சேரியில் எல்லாரும் கேட்பார்கள். பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மாப்பிள்ளைக்கும் நேரங்கெட்ட வேலை. குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் வருகிற மாதங்களில்தான் தாத்தா பாட்டிக்கு டிக்கெட் வருகிறது. வெயில் காலத்தில் அவர்களே சமாளித்துக்கொள்கிறார்கள்.

அங்கே போய் நான் கவனித்துத் தெரிந்துகொண்ட விஷயங்களில் ஒன்று, உறைபனிக் காலத்தில் கார் கழுவுவது. சிரிக்க வேண்டாம். நமக்குக் கார் கழுவுவது என்றால் ஒரு வாளி, ஒரு பழைய பனியன், விடியற்காலை பத்து நிமிஷம். அங்கே அதற்கு நாள் பார்க்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், முடிந்த பிறகு பரிகாரமும் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட கல்யாணம்தான்.

முதலில் மொழி விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வாத்தியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டே திக்தே சொல்வார், நாங்கள் வேர்வை சொட்டச் சொட்ட எழுதுவோம்: நேழ், ழீவ்ர், வெர்க்லா. முதலாவது பனி. இரண்டாவது கண்ணாடியில் படிகிற உறைபனி. மூன்றாவது ரோட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிகிற பனிக்கட்டித் தகடு. ஸ்பெல்லிங் தப்பில்லாமல் எழுதி முழு மார்க் வாங்கினேனே தவிர, மூன்றையும் கண்ணால் பார்க்க எனக்கு 65 வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. ஆனால் இத்தனை பிரெஞ்சு தெரிந்தும், பக்கத்து வீட்டுக் கெபெக் கிழவர் முதல் நாள் சொன்னது எனக்குப் புரியவில்லை. "என் ஷாரைக் கழுவப் போகிறேன்" என்றார். நாங்கள் படித்த பிரெஞ்சில் ஷார் என்றால் பழைய காலத்துத் தேர், இல்லாவிட்டால் ராணுவ டாங்கி. கெபெக்கில் காருக்கே அதுதான் பெயர். அன்று முதல் எங்கள் வீட்டில் கார் தேராகிவிட்டது. வாட்டர் வாஷுக்கு என் மனைவி வைத்த பெயர் அபிஷேகம்.

சரி, ஊரெல்லாம் பனி பெய்யும்போது காரை ஏன் கழுவ வேண்டும்? வெளுத்துப்போய்ச் சாம்பல் பூசினாற்போல் நிற்கும். நிற்கட்டுமே, யார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஒருநாள் பேரன் காரின் பக்கவாட்டில் விரலால் கோடு இழுத்து, விரலை வாயில் வைக்கப் போனான். தடுத்து, அந்தப் பொடியைத் தேய்த்துப் பார்த்தேன். உப்பு.

அங்கே வருஷத்துக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் பனி விழுகிறது. தெருவில் அதை வண்டிகள் தள்ளி அள்ளிக்கொண்டு போனாலும், மிச்சம் இருப்பது வெர்க்லா ஆகி ஆளைக் கவிழ்க்கும். அதற்காக ரோடெல்லாம் உப்புத் தெளிக்கிறார்கள். நம் சின்ன வயதில் மர வாளியில் ஐஸும் கல்லுப்பும் போட்டுக் கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்வார்களே, அதே கணக்குதான். உப்பு சேர்ந்தால் தண்ணீர் 0 டிகிரியில் உறையாது. நன்றாக உப்பு ஏறிய தண்ணீர் மைனஸ் 21 வரைக்கும் தண்ணீராகவே இருக்கும். ஆனால் குளிர் மைனஸ் 15க்குப் பக்கத்தில் போய்விட்டால் உப்பு வேலை செய்வதற்குள் விடிந்துவிடும். அப்போது சின்னச் சின்னக் கருங்கல் சில்லுகளைத் தூவுகிறார்கள். அதனால் அங்கே ஓடும் காரின் மேல் இரண்டும் இருக்கும்: உப்புச் சேறும் கல் பொடியும். முதலாவது இரும்பைத் தின்னும். இரண்டாவது பெயின்டைக் கீறும்.

உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரை ஓரத்து வீடுகளில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று நமக்குத் தெரியும். வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் மீனவர்கள் கரைக்கு வந்ததும் படகு எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டு அலசுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். எனக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது சில வருஷம் வாகனக் கோப்புகள் என் மேஜைக்கு வரும். பழைய ஜீப்புகளைக் கண்டம் செய்ய மெக்கானிக் ரிப்போர்ட் எழுதுவார். "பாடி நல்ல நிலையில் உள்ளது, சேஸிஸ் அரித்துவிட்டது" என்று இருக்கும். கடற்கரையோரம் ஓடிய வண்டிகளுக்குத்தான் இந்த வரி அடிக்கடி வரும். மேலே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி, கீழே பார்த்தால் சல்லடை. கடல் தண்ணீரிலேயே உப்பு நூற்றுக்கு மூன்றரைதான். மொன்ரியால் ரோட்டில் கார் அடியில் அடிக்கிற தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு, பத்து வருஷம் ஓடிய கார், சிக்னலில் பிரேக்கை மிதித்திருக்கிறார், பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. பிரேக் ஆயில் போகிற இரும்பு பைப் அடியில் அரித்து ஓட்டையாகியிருந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஓரத்துப் பனிக்குவியலில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினாராம். பின்னால் இரண்டு குழந்தைகள். இதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி எங்கள் கார் புறப்படும்போதெல்லாம் மணக்குள விநாயகரைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் காரின் அடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அங்கே இதில் இரண்டு கட்சி. எங்கள் மாப்பிள்ளை ஒரு கட்சி. "மாமா, இந்தக் குளிரில் எல்லாம் உறைந்துதான் கிடக்கும், துரு பிடிக்காது. ஏப்ரலில் ஒரே தடவையாகக் கழுவிக்கொள்ளலாம்" என்பார். இன்னொரு கட்சி, கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து நண்பர். 1980களில் வந்தவர், டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவர் சொல்வதையும் கேட்டுக் கோப்பு போடுவதுபோல் நானும் யோசித்தேன். மாப்பிள்ளை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மைனஸ் 20ல் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஆனால் குளிர்காலம் முழுக்க மைனஸ் 20 இல்லை. ஜனவரியிலேயே நடுவில் நாலு நாள் இளகும், அதற்கு அவர்கள் ரெதூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது அடியில் ஒட்டியிருக்கிற உப்பெல்லாம் ஈரமாகி வேலையை ஆரம்பிக்கும். இதைவிட மோசம், சூடு போட்ட கராஜில் காரை வைப்பது. சுகமாக இருக்கிறது என்று தினம் உப்போடு கொண்டுபோய் நிறுத்தினால், துருவுக்கு விடுமுறையே இல்லை. வெளியில் குளிரில் நிற்கிற கார் அந்த வகையில் பாக்கியம் செய்தது.

நண்பர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. "ஐயா, கழுவத்தான் வேணும். ஆனா நாள் பாத்துக் கழுவ வேணும். பின்னேரத்தில கழுவிப்போட்டு விட்டால் ராவைக்கு எல்லாம் இறுகிப்போம்."

இறுகிப்போனதை நாங்கள் வீட்டிலேயே பார்த்தோம். நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கும் முன்பே நடந்தது. மாப்பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நண்பர் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று, ஏப்ரல் கொள்கையை ஒரு நாள் ஒத்திவைத்துவிட்டு, பெட்ரோல் பங்க்கில் இருக்கிற லாவோத்தோவில் காரை விட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். லாவோத்தோ என்றால் கார் கழுவுகிற கூடம். வெளியே மைனஸ் 18. பளபளவென்று கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மறுநாள் காலை ஐந்தேகால் மணி, பெண்ணுக்கு ஆறு மணி டியூட்டி. கதவு திறக்கவில்லை. கதவைச் சுற்றி இருக்கிற ரப்பரில் நின்ற தண்ணீர் உறைந்து, கதவும் ரப்பரும் பாடியும் ஒன்றாகிவிட்டன. அவசரத்தில் பலமாக இழுத்தாள், கைப்பிடி உடைந்து கையோடு வந்தது. மாப்பிள்ளை கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தார். ஜன்னல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவர், ராத்திரிச் சட்டையோடு வாசலுக்கு ஓடி வந்து "நோன், நோன்!" என்று கத்தினார். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விடும். விடாவிட்டாலும் ஊற்றிய வெந்நீர் இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஐஸ், முன்னைவிட அதிகமாக. கடைசியில் பெண் டிக்கி வழியாக ஏறி, பின் சீட்டைத் தாண்டி முன்னால் போனாள். உள்ளே போய் ஸ்டார்ட் செய்தால் வண்டி நகரவில்லை. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருந்தார், கழுவின தண்ணீர் பின் சக்கர பிரேக்கில் உறைந்து பிடித்துக்கொண்டது. அவள் டாக்ஸியில் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. ராத்திரி டியூட்டி பார்த்த பெண் ஒருத்தி அரை மணி நேரம் இவளுக்காக நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. கல்யாணத்துக்கு வேறொருவர் காரில் போனார்கள்.

அதற்குப் பிறகு நண்பரிடமும், பக்கத்து வீட்டுக் கிழவரிடமும், டயர் மாற்றுகிற மெக்கானிக்கிடமும் கேட்டுக் கேட்டு நாங்கள் ஒரு முறைக்கு வந்தோம். உங்கள் பிள்ளைகள் கனடாவிலோ, பிரான்ஸில் கிழக்குப் பக்கம் ஸ்த்ராஸ்பூர் மாதிரி குளிர் ஊர்களிலோ இருந்தால் உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

நாள் பார்ப்பதுதான் முக்கியம். வெளியே 0 டிகிரியை ஒட்டி, மிஞ்சினால் மைனஸ் 5க்குள் இருக்கிற நாளில், வெயில் இருக்கிற முன்பகலில் அல்லது மதியத்தில் போக வேண்டும். மைனஸ் 10க்குக் கீழே போன நாளில் காரைத் தொடாமல் இருப்பதே மேல். வானொலியில் மெத்தியோ கேட்கும்போது பகல் குளிரை மட்டும் கேட்டால் போதாது, ராத்திரி எவ்வளவு இறங்கப்போகிறது என்றும் கேட்க வேண்டும். ராத்திரி சட்டென்று இறங்கும் என்றால், காய்வதற்குப் போதுமான பகல் மிச்சம் இருக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம், ஊரில் எல்லாரும் இதே கணக்குதான் போடுகிறார்கள். ரெதூ வந்த சனிக்கிழமை லாவோத்தோ வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் நம் ஊர் மாசிமகம் ஞாபகம் வரும். எனக்கு வேலை இல்லை, வாரநாளில் மாப்பிள்ளைக்கு லீவு இருந்தால் அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன்.

வீட்டு வாசலில் கழுவுவது என்ற பேச்சே கிடையாது. முதல் காரணம், வெளிக் குழாயில் தண்ணீர் இருக்காது. குளிர் வருவதற்குள் உள்ளே வால்வை மூடிக் குழாயைக் காலி செய்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உறைந்து பைப் வெடிக்கும். இரண்டாவது, வாளியில் கொண்டுபோய் ஊற்றினாலும் அந்தத் தண்ணீர் வாசலில் கண்ணாடித் தகடாகிவிடும். தபால்காரர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர். பிரான்ஸிலோ பல ஊர்களில் தெருவில் கார் கழுவவே அனுமதி இல்லை, அழுக்குத் தண்ணீர் மழைநீர்ச் சாக்கடையில் போகிறது என்று.

ஆக லாவோத்தோதான். அதிலும் கூரையும் கதவும் போட்டு உள்ளே சூடு பண்ணியிருக்கிற இடம். காரை உள்ளே விட்டதும் சோப்புத் துணியோடு பாயக் கூடாது. மேலே கல் பொடி இருக்கிறது, தேய்த்தால் பெயின்ட் முழுக்கக் கோடு. முதலில் வேகமான தண்ணீரால் எல்லாவற்றையும் உதிர்க்க வேண்டும். பிரஷ் சுற்றுகிற மெஷினைவிட, தண்ணீர் மட்டும் அடிக்கிற மெஷின் நல்லது என்பது என் கட்சி. நேரமும் சில்லறையும் இருந்தால் நாமே துப்பாக்கி பிடித்து அடிக்கிற இடம் இன்னும் நல்லது. நான்கு சக்கரத்து மட்கார்டின் உட்புறம், கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பு, பின் பம்பருக்கு அடி, இந்த இடங்களில்தான் உப்புச் சேறு அடை அடையாகப் பிடித்திருக்கும். மெஷினில் போனால் அடிப்பாகம் கழுவுகிற வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு நாலைந்து டாலர் கூட ஆகும். மேலே மெழுகுப் பூச்சு, வாசனை என்று நூறு விற்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் காசை அடியில் செலவழிக்கலாம்.

கழுவி முடிந்தவுடன் வீட்டுக்கு ஓடி வரக்கூடாது. பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. சூடு இருக்கிற இடத்திலேயே நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து, ரப்பரையும் அது வந்து உட்காருகிற விளிம்பையும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். இது என் டிபார்ட்மென்ட். மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெட்ரோல் மூடி, சாவித் துவாரம், பக்கக் கண்ணாடியின் மடிப்பு, வைப்பரின் அடி, இவையும் துடைக்கப்பட வேண்டும். ரப்பரில் சிலிக்கான் தடவிவிட்டால் தண்ணீர் ஒட்டாது, கதவும் ஒட்டாது. மாசத்துக்கு ஒரு தடவை தடவினால் போதும். பிறகு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருபது நிமிஷமாவது ஓட்ட வேண்டும். காலியான ரோட்டில் பிரேக்கை நாலைந்து தடவை லேசாக மிதித்தால் அங்கே நிற்கிற ஈரமும் போகும். வீட்டுக்கு வந்தபின் கதவுகளை ஒரு தடவை திறந்து மூட வேண்டும். சமதரையில் நிற்கிற ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ராத்திரி ஹேண்ட்பிரேக் வேண்டாம், கியரே பிடித்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவோம். அங்கே நீலநிறத்தில் ஒரு திரவம் விற்கிறார்கள், மைனஸ் 40 வரைக்கும் உறையாது. வெயில் காலத்து மிச்சத்தை அப்படியே விட்டால் டப்பாவும் குழாயும் உறைந்து, வேகமாக ஓடுகிற ரோட்டில் முன்னால் போகிற லாரி சேற்றை வாரி அடிக்கும்போது கண்ணாடி மறைந்து குருட்டாட்டம்தான். அந்த நீலத் திரவம் விஷம். பார்க்க சர்பத் மாதிரி இருக்கும், குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

காருக்கு உள்ளேயும் உப்பு வருகிறது என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். பூட்ஸில் ஒட்டிய பனி உள்ளே உருகி, உப்புத் தண்ணீராகக் கம்பளத்தில் இறங்குகிறது. காய்ந்தால் வெள்ளைக் கோலம். காயாவிட்டால் அந்த ஈரம்தான் ராத்திரி கண்ணாடியின் உட்புறத்தில் ழீவ்ராகப் படிகிறது, தரைத் தகட்டையும் மேலிருந்து அரிக்கிறது. விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு வாங்கிப் போட்டோம். வாரம் ஒருநாள் அவள் அதை எடுத்துக் கொட்டுவாள். நம் வீட்டு முற்றத்தில் தண்ணீர் தேங்கினாலும் பொறுக்காதவள், கார் உள்ளே தேங்கினால் விடுவாளா.

கெபெக்கில் டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து மார்ச் 15 வரைக்கும் பனி டயர் கட்டாயம். அதற்குப் பிறகு சாதா டயர் போட வண்டியைத் தூக்குவார்கள். போன தடவை நாங்கள் ஊருக்குத் திரும்பும் முன் அந்த வேலை வந்தது. வண்டி மேலே ஏறியதும் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். 9 வருஷத்து வண்டி. பின் பக்கம் ஒரு பிரேக் பைப் மட்டும் செதில் செதிலாக இருந்தது, அதை மாற்றிவிடலாம் என்றார். மாற்றினோம். சேஸிஸில் அங்கங்கே மேலோட்டமான துருதான், குத்திப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. இலையுதிர் காலத்தில் அடியில் எண்ணெய் அடித்துவிட்டால் இன்னும் தாங்கும் என்றார். கண்டம் செய்ய வேண்டாம் என்று நானும் மனசுக்குள் ஒரு குறிப்பு எழுதினேன்.

இந்த வருஷம் முட்டி வலியால் நாங்கள் போகவில்லை. போன வாரம் மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "மாமா, நாளைக்கு மைனஸ் 2. தேரைக் கொண்டுபோகலாமா?" ராத்திரிக்கு எவ்வளவு என்று கேட்டேன். மைனஸ் 16 என்றார். பதினோரு மணிக்கே போய்விட்டு வாருங்கள், பின் கதவு ரப்பரின் கீழ்ப்பக்கத்தை நீங்கள் எப்போதும் விட்டுவிடுகிறீர்கள், அதையும் துடையுங்கள் என்று பதில் போட்டேன்.